அமத்தாதீர்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

முதலாளி இன்று சட்டம் போட்டார். தையல் அறைக்கும் செக்கிங் மேசைக்கும் சேர்த்துக் கேட்கட்டும் என்று மாடிப்படியில் நின்று போட்டார்.

"மேல இருக்கற சிஸ்டத்துப் பட்டன் சாகப் போகுதுங்க. புதுசு வாங்கறதுக்கு இப்பத்திக்கு வழியில்ல. என்னிக்கு அது எந்திரிக்காமப் போகுதோ, அன்னிக்குக் கடைசியா யாரு கை வெச்சிருந்தாங்களோ அவிங்க ஊட்டுக்குப் போயிக்கலாம்."

ஊருக்கே சொன்ன மாதிரி சொன்னாலும் ஆள் இரண்டே பேர்தான். காலையிலிருந்து மூன்று மணி வரை நான். மூன்றுக்குப் பிறகு சென்னியப்பன். ஒரே அறை, ஒரே நாற்காலி, ஒரே கிழட்டுக் கம்ப்யூட்டர். துணியை வெட்டுவதற்கு முன்னால் பனியனின் கை, கழுத்து, உடம்பு எல்லாவற்றையும் திரையில் வரைந்து, துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்கிக் கொடுப்பது எங்கள் வேலை.

தைத்து வந்த துணியில் குறை பார்க்கிற செக்கிங் மேசையில் பதினோரு வருஷம் நின்றவள் நான். கெண்டைக்காலில் நரம்பு நீலமாகச் சுருண்டு கிடக்கிறது. மாலையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்து இந்த நாற்காலிக்கு வந்தேன். இந்தக் கம்பெனியில் மெஷின் மிதிக்காமல் ஒரு பெண் உட்கார்ந்து பார்க்கிற வேலை இது ஒன்றுதான். மறுபடியும் நிற்கச் சொன்னால் என் கால் கேட்காது. ஆகவே அந்தப் பட்டன் என் கையில் சாகக் கூடாது. அவன் கையில் செத்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பட்டனை அமுக்கினால் ஒரு நாள் முதல் அமுக்கிலேயே உயிர் வரும், ஒரு நாள் விரல் வீங்கினாலும் வராது. அதனால் சிஸ்டத்தை முழுதாக அமத்துவதில்லை, தூங்கப் போட்டுவிடுவோம். காலையில் கீபோர்டில் ஒரு தட்டுத் தட்டினால் விழித்துக்கொள்ளும், பட்டனுக்கு வேலையே இல்லை. அவனும் இதுவரை தூங்கத்தான் போட்டுக்கொண்டிருந்தான். எப்படிப் போடுகிறான் என்று நான் பார்த்ததில்லை. நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் போனால் சிஸ்டம் பிணமாகக் கிடக்கிறது. சுத்தமாக அமத்திப் போட்டுப் போயிருக்கிறான்.

அமுக்கினேன், அமுக்கினேன், வியர்த்து ஊற்றும் வரை அமுக்கினேன். கடைசியில் விளக்கு வந்தபோது அழுகை வந்துவிட்டது. கூட்டிப் பெருக்குகிற ராஜாமணியக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்று பார்த்தாள். என்னை 'உலகு' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் இங்கே அவள் ஒருத்திதான்.

"நேத்துப் பொழுதோட இடி இடிச்சுதுங்க உலகு. அதுக்கு பயந்து அந்தத் தம்பி நிறுத்திப்போட்டுப் போயிருக்கும்."

"இடி விழுந்தா அவரு சும்மா இருக்கட்டும். காலைல வந்து இதுகூட மல்லுக்கட்டுதது நானா அவரா?"

அவளிடம் கத்தி என்ன பயன்? அவன் முகத்தைப் பார்த்துப் பேசினால்தானே சொல்ல முடியும். அட்டை ஒன்றை வெட்டி, கறுப்பு மார்க்கரில் பெரிய எழுத்தில் எழுதினேன்: 'யாரும் இதை அமத்தாதீர்கள்.' கண்ணுக்குத் தப்பிவிடக் கூடாது என்று பட்டனுக்கு நேர் மேலேயே ஒட்டினேன். குருடனுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அட்டை ஒட்டிய அன்றைக்கே அமத்தியிருக்கிறான். நேற்று இடியும் இல்லை, மழையும் இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்றும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இது தற்செயல் இல்லை. ஒரு நாள் மறதி, இரண்டு நாள் மறதி என்று சொல்லலாம். அட்டை ஒட்டிய நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் அமத்துகிறான். அவன் போட்ட கணக்கு எனக்குப் புரிகிறது. ராத்திரி மவுசால் நோகாமல் நிறுத்திவிட்டுப் போய்விடுவான். காலையில் பட்டனை அமுக்க வேண்டியவள் நான். செத்தால் கடைசிக் கை யாருடையது? என்னுடையது. நாற்காலி முழுநாளும் அவனுக்கு.

போன தையில் அவன் செய்ததை நான் மறக்கவில்லை. குழந்தைகள் சட்டை ஒன்றுக்கு நான் வரைந்த கை அரை இஞ்ச் குட்டையாகிவிட்டது. நேராக என்னிடம் சொல்லியிருக்கலாம். முதலாளி அறைக்குப் போய், "அக்கா போட்ட கை பத்தாதுங்க" என்றான். எல்லோர் முன்னாலும் பணிவாக, ஒரு 'ங்க' குறையாமல். பச்சையாகத் திட்டுகிறவனைச் சமாளித்துவிடலாம். இந்த 'ங்க' போட்டுக் குத்துகிறவனை என்ன செய்வது? அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அவன் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் மெத்தையை இன்று பீரோவுக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டு வந்தேன். நாற்காலியையும் இறக்கி வைத்தேன். தேடட்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மெத்தை மறுபடி நாற்காலியில். நாற்காலி என் உயரத்துக்கே ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. சிஸ்டம் வழக்கம்போல் அமத்தி. நக்கல்.

ஆகஸ்ட் 14, வியாழன்

என் ரத்தம் இன்னும் கொதிக்கிறது.

என் அட்டையைத் திருத்தியிருக்கிறான்! சிவப்புப் பேனாவால் 'ம'வுக்குக் கீழே ஒரு சுழி. இப்போது 'அமுத்தாதீர்கள்' என்று இருக்கிறது. வாத்தியார் பரீட்சைத்தாளைத் திருத்துகிற மாதிரி. நான் போட்ட கையும் தப்பு, நான் எழுதிய தமிழும் தப்பு. தென்காசியில் அத்தனை பேரும் விளக்கை அமத்துகிறோம். அது அமர்த்துவது. நல்ல தமிழ். இவன் எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான்.

அட்டையைக் கிழிக்கலாம் என்று கை போனது. கிழிக்கவில்லை. அவன் குற்றத்துக்கு அது சாட்சி. அப்படியே இருக்கட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. துணி துவைத்தேன். மாவு அரைத்தேன். கால் வலி பொறுக்க முடியவில்லை.

மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அமுத்தி உடட்டுமாம்மா?" என்று கேட்டுக் காலைப் பிடித்துவிட்டாள். திருப்பூரிலேயே வளர்ந்த பிள்ளை, பேச்சு முழுக்க இந்த ஊர்ப் பேச்சு. படுக்கும்போது, "லைட்ட நிறுத்தட்டுமாம்மா?" என்றாள். "விளக்க அப்படிச் சொல்லப்படாதுட்டி, அமத்தட்டுமான்னு கேளு" என்றேன். சிரித்துக்கொண்டே நிறுத்தினாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

இன்று நானும் செய்தேன். மூன்று மணிக்குக் கிளம்பும்போது ஷட் டவுன் கொடுத்து, திரை கறுப்பானதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். பட்டனோடு அவனும் ஒரு நாள் மல்லுக்கட்டிப் பார்க்கட்டும். தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும்.

சமையல் செய்துகொண்டிருந்தபோது அவனிடமிருந்து மூன்று அழைப்புகள். எடுக்கவில்லை. ரசம் நன்றாக வந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ராஜாமணியக்கா சொன்னாள். அவன் நேற்று பட்டனைத் தொடவே இல்லையாம். சிஸ்டத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தானாம், அட்டையைப் பார்த்தானாம், போன் போட்டானாம். அப்புறம் பழுப்புக் காகிதத்தைத் தரையில் விரித்து, முட்டி போட்டுக்கொண்டு, அளவுகோலும் பென்சிலுமாக முழு பேட்டர்னையும் கையாலேயே வரைந்தானாம். நேரத்துக்குள் முடியவில்லை. முதலாளி வந்து, சாம்பிள் தாமதம் என்று கண்டபடி பேசிவிட்டுப் போனாராம்.

"மவராசன், முட்டி போட்டு முட்டி போட்டு எந்திரிக்கவே முடியல பாவம்" என்றாள்.

"பட்டன அமுக்க வேண்டியதுதான? கை என்ன கரைஞ்சா போயிரும்?"

"அதத்தான் நானும் கேட்டனுங்க. வேண்டாங்கக்கா, அவிங்க மனசு கோணிக்கும்னு சொல்லுச்சு."

என் மனசாம், கோணுமாம். கடைசிக் கை தன்னுடையதாகிவிடுமே என்ற பயம், அதற்கு இப்படி ஒரு பூச்சு. எவ்வளவு கெட்டிக்காரன் பாருங்கள். அந்தக் காகிதம் சுருட்டி மூலையில் நின்றது. பிரித்துப் பார்த்தேன். கை சரியாக இருந்தது.

ஆகஸ்ட் 21, வியாழன்

படியில் நேருக்கு நேர் வந்துவிட்டான். "அக்கா, ஒரு நிமிசமுங்க. அந்த சிஸ்டத்தப் பத்தி" என்று ஆரம்பித்தான். செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன். எழுதி ஒட்டியிருக்கிறேன், அதைப் படித்தால் போதும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் அமத்திக் கிடந்தது. அமுக்கினேன், வரவில்லை. கட்டைவிரலால், சுட்டுவிரலால், சாவியால் எல்லாம் பார்த்தேன். அறையில் யாரும் இல்லை. வெட்டு அறையிலிருந்து கொண்டுவந்த கத்தரி மேசையில் இருந்தது. அதன் கைப்பிடியால் ஒரு தட்டு. மெதுவாகத்தான் தட்டினேன். 'டொக்' என்று பட்டன் உள்ளே போய்விட்டது, வெளியே வரவில்லை.

எப்படியும் போகிற பட்டன். அவன் தினமும் அமத்திப் போடாமல் இருந்தால் நான் ஏன் தட்டப் போகிறேன்? நியாயமாகப் பார்த்தால் அது அவன் கைதான்.

முதலாளி வந்ததும் சொன்னேன். "நான் வாறப்பவே உள்ள போய்க் கெடந்துச்சு மொதலாளி."

அவர் குனிந்து பட்டனைப் பார்த்தார். கத்தரியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. போன் போட்டு அவனை வரச் சொன்னார். சாப்பாட்டு வேளைக்கு முன்னாலேயே வந்து நின்றான், சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல்.

"நேத்துக் கடைசியா நிறுத்துனது யாருங்க?"

"நாந்தானுங்க. ஆனா பட்டன்ல கை வெக்கலீங்க. மவுசுலதான் நிறுத்துனேன்."

"அப்பறம் பட்டன் தானா உள்ள போயிருச்சுங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். திரையில் ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியலீங்க" என்றான்.

"சரீங்க. நீங்க போயிட்டு வாங்க." இந்த ஊரில் கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் மரியாதையோடுதான் தள்ளுவார்கள்.

மெத்தையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டான். நான் ஜெயித்துவிட்டேன். அப்போதே அவன் கிளம்பியிருந்தால் எல்லாம் சரியாக முடிந்திருக்கும். வாசலில் திரும்பினான்.

"அக்கா, நீங்க எழுதி ஒட்டுன நாள்லருந்து ஒருக்காக்கூட நான் அத அமுத்தலீங்க."

"அமத்தலயா? தெனமும் அமத்திப் போட்டுட்டுத்தான போனீங்க!"

"இல்லீங்க. மொதல்ல எல்லாம் அமுத்தித்தான் தூங்க வெப்பேன். பட்டன லேசா ஒரு அமுத்து அமுத்துனா தூங்கிப்போகும். வேற மாதிரி தூங்க வெக்க எனக்குத் தெரியாதுங்க. அமுத்தாதீங்கன்னு எழுதி ஒட்டிப்போட்டீங்க. அதான் அன்னிலருந்து மவுசுல ஷட் டவுன் பண்ணீட்டுப் போனேன். காலைல எந்திரிக்க வெக்க நீங்க ஏதோ வழி வெச்சிருப்பீங்கன்னு நெனச்சனுங்க. கேக்கலாம்னா நீங்க பேச மாட்டீங்க. எழுத்துல ஒரு சுழி உட்டுப்போயிருந்துது, யாராச்சும் சிரிப்பாங்கன்னு நான்தான் போட்டு வெச்சேன்."

ராஜாமணியக்கா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அமத்தறதுன்னா என்னங்க உலகு?"

நான்தான் சொல்ல வேண்டும். "எங்க ஊர்ல, நிறுத்துறது" என்றேன்.

அவன் அட்டையைத் திரும்பிப் பார்த்தான். "அப்பிடீங்களா" என்றான். படியில் இறங்கிப் போய்விட்டான்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்றாள் ராஜாமணியக்கா. யாருக்குச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

அமுத்து என்றால் இந்த ஊரில் என்ன என்று எனக்குத் தெரியாதா? மகள் வாயில் தினமும் கேட்கிறேன். சிவப்புச் சுழியைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு.

ஆனால் நான் எழுதியது தப்பில்லை. அதில் எழுத்துப் பிழையே இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

சிஸ்டம் ரிப்பேர் பார்ப்பவர் வந்தார். பெட்டியின் மூடியைக் கழற்றி, பட்டனுக்குப் போகிற வயரைப் பிடுங்கி, பக்கத்தில் இருக்கும் ரீசெட் பட்டனின் வயரை அந்த இடத்தில் சொருகினார். அந்தச் சின்னப் பட்டனை அமுக்கினார். முதல் அமுக்கிலேயே உயிர் வந்தது. ராஜாமணியக்கா அவருக்குக் கொண்டுவந்த டீ ஆறவே இல்லை.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"இவ்வளவுதானுங்க. போன வருசமே உங்க மொதலாளிகிட்டச் சொன்னேன், மாத்திக் குடுத்தர்றேன்னு. இருக்கட்டும், இப்பத்திக்கு வேண்டாம்னுட்டாரு."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இது வரை அந்தப் பழமொழியில் நான் ஊர் என்று எனக்குத் தெரியாது.

இனிமேல் காலையிலிருந்து ராத்திரி வரை நாற்காலி எனக்கே. அவன் வேலையும் எனக்கே. கால் வலி குறைந்திருக்கிறது. நல்லதுதானே.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அந்த அட்டையை எடுக்கவில்லை. எடுக்க நேரம் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. விடுமுறை. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தேன், பூரணம் தீய்ந்துவிட்டது. மகள், "என்னம்மா, யார்கிட்டயும் பேசாம இருக்கே?" என்று கேட்டாள். தலைவலி என்றேன்.

சென்னியப்பனுக்குப் போன் செய்தேன். அவர் எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை. நான் மட்டும் எடுத்தேனா?

ஆகஸ்ட் 28, வியாழன்

மத்தியானம் முதலாளி மாடிக்கு வந்தார், நல்ல குஷியில். "ரீசெட் பட்டன் இப்ப வெளிய நிக்குதுங்க. யாராச்சும் தெரியாம அமுத்தீருவாங்க. ஒரு பேப்பர் எழுதி ஒட்டுங்க. போன தடவ மாதிரி இல்லாம சரியா எழுதுங்க" என்று சொல்லிச் சிரித்தார். "அந்தாளுக்குத் தமிழே படிக்கத் தெரியல பாருங்க. அமத்தறது எது, அமுத்தறது எதுன்னு தெரியாம வேலையத் தொலச்சுப்போட்டாரு."

"அவருக்குத் தெரியும் மொதலாளி" என்றேன். குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு எங்க ஊர்ப் பேச்ச எழுதி ஒட்டினது நான். அந்தப் பட்டன உள்ள தள்ளுனதும் நான்தான். கத்தரியால. வாறப்பவே கெடந்துச்சுன்னு சொன்னது பொய்."

சொல்லிவிட்டேன். நாற்காலி போகட்டும் என்று துணிந்துதான் சொன்னேன். அவர் கோபப்படுவார், கத்துவார், சென்னியப்பனைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தேன்.

"தெரியுமுங்க" என்றார்.

"என்னது?"

"கத்தரிக் கைப்பிடி பச்சைப் பெயிண்டு பட்டன்ல ஒட்டீருந்துதுங்க. அன்னிக்கே பாத்தேன்."

"அப்புறம் எதுக்கு அவர அனுப்புனீங்க?"

"ஆர்டரு பாதியாப் போச்சுங்க. ஒரு சிஸ்டத்துக்கு ரெண்டு ஆளு கட்டாது. யார அனுப்பறதுன்னு நானா சொன்னா ஆகாதவனாப் போயிருவேன். நீங்களே பேசி முடிச்சுக் குடுத்துட்டீங்க." மேசை மேல் தட்டினார். "பேசி முடிக்கலீங்க, பேசாம முடிச்சுக் குடுத்துட்டீங்க. கம்முனு உக்காந்து வேலயப் பாருங்க. சனிக்கெழம சாம்பிள் போகோணும்."

எனக்கு வந்த கோபம் இந்த மாதம் முழுக்க சென்னியப்பன் மேல் வந்த கோபத்தைப் போல் பத்து மடங்கு. அத்தனையையும் தப்பான ஆள் மேல் கொட்டித் தீர்த்திருக்கிறேன். எழுந்து நின்றேன். நின்றபடியே மவுசைப் பிடித்தேன்.

"என்னங்க பண்றீங்க?"

"ரெண்டு ஆளு கட்டாதுன்னா ஒரு ஆளும் கட்டாது. அவரக் கூப்பிடுங்க. வந்தார்னா நானும் வாறேன். காலைல பாதி, மத்தியானம் பாதி, பழைய மாதிரி. இல்லன்னா சாம்பிள நீங்களே முட்டி போட்டு வரஞ்சு அனுப்புங்க."

"செக்கிங் மேசைக்குத்தான் போகோணும், பாத்துக்கோங்க. அங்கயும் எடமில்லாமப் போயிரும்."

"போகட்டும்."

திரை கறுப்பாகும் வரை நின்று பார்த்தேன். சுவரில் மெயின் சுவிட்சையும் அமத்தினேன். அட்டையைப் பிய்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். படியில் இறங்கும்போது செக்கிங் மேசையில் நின்றிருந்த பெண்கள் எல்லோரும் பார்த்தார்கள். என் பழைய இடத்தில் வேறொருத்தி நின்றாள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார இடம் இல்லை. போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தார். 'அக்கா' என்று சொல்லவில்லை. "சொல்லுங்க" என்றார். அவர் குரல் இவ்வளவு கடுகடுவென்று இருந்து நான் கேட்டதில்லை. அந்தக் குரல்தான் எனக்குத் தகும்.

முதலாளியிடம் சொன்னதைச் சொல்ல வேண்டும், கத்தரியைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

"சிஸ்டத்த அமத்திட்டு வந்துட்டேன்."

"அமுத்தீட்டீங்களா?"

"இல்லய்யா" என்றேன். "நிறுத்திட்டேன்."